ஊகம் எது? கபிலர் பாட்டும் தொல்காட்டு விலங்கும்

சங்க நூல்களிற் பயின்றுவரும் விலங்குப் பெயர்களுக்குப் பொருள் காண்டல் இலக்கிய மாணவர்க்கு எளியதொரு பணியாகவே இதுகாறும் இருந்துவந்துள்ளது. உரையை நோக்கி, அகராதியை நோக்கி, 'ஒருவகைக் குரங்கு' என்றோ 'ஒரு பறவை' என்றோ எழுதி அப்பாற் செல்லலாம். பிழையெனச் சுட்டுவார் இலர். ஆயின் அண்மைக் காலத்தில் இப்பொருள்விளக்கங்கள் நூலகத்தின் எல்லையைக் கடந்து செல்லத் தலைப்பட்டுள்ளன. 2022ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டு அரசு வரையாட்டைக் காப்பதற்கெனத் தனித் திட்டமொன்றை அறிவித்தபோது, அவ்விலங்கு பழந்தமிழ் நூல்களில் இடம்பெற்றுள்ள செய்தியும் உடன் சுட்டப்பெற்றது. வருடை என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் கண்ட பொருள் காட்டினைக் காக்கும் திட்டமொன்றிற்குச் சான்றாக நிற்கும் காலம் இது. எனவே, நாம் எழுதும் ஒவ்வொரு பொருள்விளக்கமும் எங்கேனும் சான்றாகக் கொள்ளப்பெறும் என்னும் அச்சம் நமக்கு இருத்தல் வேண்டும்.

அவ்வச்சம் எமக்கு நேர்ந்தது வருடையாலன்று, ஊகத்தால். எம் முனைவர் பட்ட ஏட்டில் குறிஞ்சிக் கருப்பொருள்களைத் தொகுத்த இடத்தில், 'ஊகம் என்பது இன்று சிங்கவால் குரங்கு என வழங்கும் அரிய விலங்கேயாம்' என ஒரு தொடர் எழுதினோம். எழுதிய காலத்தில் அதற்கு நாம் காட்டிய சான்று ஒன்றேயொன்று. பல்லாண்டு கழிந்தபின் எம் மாணவர் ஒருவர் அத்தொடரைத் தம் ஏட்டில் மேற்கோளாக எடுத்தாண்டு, அதன்மேல் ஓர் அதிகாரமே எழுப்பியிருந்தார். அதனைப் படித்தபோது, அத்தொடரை மீண்டும் ஆராய்தல் கடன் எனத் தோன்றிற்று. இக்கட்டுரை அவ்வாராய்ச்சியின் பயன்.

முதற்கண் விலங்கினை அறிதல் வேண்டும். சிங்கவால் குரங்கு என்பது ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பு. தமிழில் சோலைமந்தி என்னும் நல்ல பெயரும் இதற்கு உண்டு. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதியில், கருநாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் மலைக்காடுகளில் அன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. உடல் முழுதும் கரியது, முகமும் கரியதே, அம்முகத்தைச் சூழ்ந்து வெளிறிய நரைமயிர் பிடரிபோல் அடர்ந்து நிற்கும், வால்நுனியில் மயிர்க்குஞ்சம் உண்டு. பசுமைமாறாத மழைக்காடே இதன் வாழிடம். மரமுடிகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் காட்டில் இது நிலத்தில் இறங்குதல் அரிது. வெடிப்பலா முதலிய தொல்காட்டு மரங்களின் பூவும் காயும் விதையும் இதன் உணவு. பிற கனிகள் அருகிய பருவத்தில் வெடிப்பலாவின் சதைப்பற்றுள்ள பூக்களே பல விலங்குகளுக்கு உயிர்தாங்கும் உணவாகின்றன. ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே இரண்டரை ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை கழியும். காட்டினை வெட்டி மீண்டும் மரம் நட்டால் ஐந்தாறு ஆண்டில் திரும்பிவந்து பெருகும் இயல்பினதன்று இவ்விலங்கு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதற்பட்டியலில் வைத்துள்ளது.

தொல்காடு என்னும் சொல்லை ஈண்டு வேண்டுமென்றே ஆளுகின்றோம். வெட்டுப்படாது நெடுங்காலம் நின்ற காட்டினை 'முதுகாடு' என்றல் இயல்பாகத் தோன்றும். சிலர் எழுதியும் வருகின்றனர். ஆயின் பழந்தமிழில் முதுகாடு என்பது பிணஞ்சுடும் காட்டிற்குப் பெயர். காக்கப்பட வேண்டிய காட்டிற்கு அப்பெயர் இடுதல் நன்றன்று.

இனி இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியர் மரபியலில் மந்தி என்னும் பெண்பாற் பெயருக்கு உரியனவாகக் குரங்கு, முசு, ஊகம் என மூன்றனைத் தனித்தனியே எண்ணுகின்றார். மூன்றும் ஒன்றாயின் மூன்று பெயர் கூறல் வேண்டா. மேலும், குரங்கின் ஆணுக்குக் கடுவன் என்றும், முசுவின் ஆணுக்குக் கலை என்றும் வழக்கு உரைக்கின்றார். ஊகத்தின் ஆணுக்கு அவ்வாறு தனிப்பெயர் அவ்வியலிற் காணப்படவில்லை. இதனைக் கொண்டு ஊகம் மக்கள் கண்ணில் அரிதாகப் பட்ட விலங்கு என்று முடிவு கட்டலாமோ எனின், அது மிகை. சூத்திரத்தில் இல்லாமை ஒன்றே ஒரு செய்திக்குச் சான்றாகாது. மூன்று இனங்களை வேறுபடுத்திக் கண்ட கண் தமிழர்க்கு இருந்தது என்பதளவே இங்குத் துணிபு. இவற்றுள் குரங்கு ஊர்ப்புறத்தும் காட்டோரத்தும் வாழும் சிவந்த முகத்து நாட்டுக்குரங்கு எனலாம். முசு, முகம் கரிய நெடுவால் இனம் என்பதும் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டதே. எஞ்சி நிற்பது ஊகம். அதற்குக் கருங்குரங்கு எனப் பொருள் கூறுதல் அகராதி வழக்கு. இடர் இங்கேதான் தொடங்குகின்றது. மேற்கு மலையில் கரிய குரங்கு ஒன்றன்று, இரண்டு: இன்று மக்கள் கருங்குரங்கு என வழங்கும் நீலகிரி மலைமுசு ஒன்று, சோலைமந்தி மற்றொன்று. இரண்டும் ஒரே காட்டில் ஒரே மரத்திலும் காணப்படுவதுண்டு.

எம் ஏட்டில் யாம் காட்டிய ஒரே சான்று குறுந்தொகையின் 249ஆம் பாட்டு, பாடியவர் கபிலர். மயிற்கூட்டம் அகவும் மரஞ்செறிந்த கானத்தில், பெருமழையில் நனைந்து தன் பார்ப்போடு ஊகம் குளிரால் நடுங்குகின்றது. அத்தகைய சாரலையுடைய அவர் நாட்டுக் குன்றினை நோக்கினேன், என் நெற்றி பண்டுபோல் ஆயிற்றோ பார் எனத் தலைவி தோழியைக் கேட்கின்றாள். வரைவிடை வைத்துத் தலைவன் பிரிந்த காலம் அது. ஆற்றியிருப்பாயோ எனக் கவன்ற தோழிக்கு அவள் கூறும் விடை இது. இப்பாட்டில் கபிலர் ஊகத்திற்கு இட்ட அடை 'நரைமுகம்' என்பது. உடல் கரிய குரங்குகளுள் முகத்தைச் சூழ்ந்து நரைமயிர் உடையது சோலைமந்தி. மலைமுசுவின் தலைமயிர் மஞ்சள் கலந்த பழுப்பு. அதனை நரை என்னும் வழக்கு எளிதில் அமையாது. எனவே நரைமுக ஊகம் சோலைமந்தியே என முடித்தோம். முகத்தை நேர்நின்று கண்டவன் அன்றி இவ்வடையைத் தேர்ந்திரான் என்று பெருமிதத்தோடு ஒரு குறிப்பும் சேர்த்தோம்.

பெருமிதம் மிகைபட்டது என்பதை இன்று உணர்கின்றோம். நாம் ஏட்டில் எடுத்துக்காட்டாது விடுத்த இடங்கள் மூன்று உள்ளன.

மலைபடுகடாத்தில் ஊகம் வருமிடம் முதலாவது. தினைப்புனம் காக்கும் குறவர் பரண்மேல் ஏறி யானையை ஓட்டக் கவணிற் கல்லெறிவர். அக்கல் மூங்கிலின் ஈரக்கழைகளில் தத்திச் செல்ல, கரிய விரலுடைய ஊகம் தன் பார்ப்போடு அஞ்சி ஓடும். கூற்றம்போல் வரும் அக்கல்லுக்கு மரத்தின் பின் மறைந்து செல்லுங்கள் எனக் கூத்தர்க்கு வழி கூறப்படுகின்றது. மூங்கிலும் தினைப்புனமும் மழைக்காட்டின் உள்ளிடம் அல்ல. வெட்டித் திருத்திய காட்டின் ஓரம். அதனினும் வலிய தடை ஒன்று உண்டு. இப்பாட்டின் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். அதனைச் சூழ்ந்த மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தது. அங்குச் சோலைமந்தியும் இல்லை. நீலகிரி மலைமுசுவும் இல்லை. பண்டு இருந்து பின் மறைந்தனவாகலாம் என்பார்க்கு மறுப்புக் கூற இயலாது. ஆனால் அதற்குச் சான்று கேட்டால் இப்பாட்டையே காட்டுதல் வட்டமிட்டு வருதலாய் முடியும்.

திருமுருகாற்றுப்படையின் இறுதியில் பழமுதிர்சோலை அருவி வீழும் வருணனை இரண்டாவது இடம். அகிலைச் சுமந்தும் சந்தன மரத்தை உருட்டியும் இறங்கும் நீர், மலையுச்சியில் தேனடை சிதையவும், ஆசினிப் பலாவின் சுளை கலக்கவும், உச்சிச் சுரபுன்னையின் மலர் உதிரவும் பாய, ஊகமும் கரிய முகமுடைய முசுக்கலையும் நடுங்குகின்றன. இரண்டும் ஒரு தொடரில் 'ஓடு' கொடுத்து இணைக்கப்படுதலின் ஊகம் வேறு, முசு வேறு என்பது இங்கு ஐயமற விளங்கும். சுரபுன்னை, பலா, பின்னர் வரும் மிளகுக்கொடி ஆகிய மரஞ்செடிகளும் ஈரமலைக்கு ஏற்றவையே. ஆயினும் அதே அருவி தெங்கின் குலையையும் உதிர்க்கின்றது. மயிலையும் காட்டுக்கோழியையும் வெருட்டுகின்றது. பழமுதிர்சோலையோ மரபு வழியில் மதுரைக்கு அணித்தாகிய அழகர்மலை எனப்படுவது. இவ்வருணனை ஒரு மலையின் காட்சியன்று. மலை எனப்படும் எல்லாவற்றின் வளமும் ஓர் அருவியில் திரட்டப்பெற்றது. பக்திப் பாட்டில் அது குற்றமன்று. விலங்கின் வாழிடத்திற்கு அதனைச் சான்றாக்கிய நம்மேல்தான் குற்றம்.

மூன்றாவது தடை கபிலரின் அப்பாட்டிலேயே உளது. நரைமுக ஊகம் வாழும் கானத்தில் மயில் அகவுகின்றது. மயில் வறண்ட, திறந்த காட்டினை விரும்பும் பறவை. பசுமைமாறா மழைக்காட்டின் உள்ளிடம் அதற்கு உரியதன்று. சாரலில் இரண்டு காடும் அடுத்தடுத்து இருத்தல் கூடும். எனினும் ஐயம் எழுந்தமை உண்மை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நோக்குங்கால், குறுந்தொகை 249இல் வரும் ஊகம் சோலைமந்தியாதல் கூடும் என்பது வரையே நாம் செல்லுதல் தகும். மலைபடுகடாத்து ஊகத்தை அவ்வாறு கொள்ளுதற்கு இடமில்லை. ஒரே பெயர் நாட்டுக்கு நாடு வேறு விலங்கினைக் குறித்திருத்தல் வேண்டும். இன்றும் அவ்வாறு நிகழக் காண்கின்றோம். இவ்வகைச் சிக்கல்களுக்கு இலக்கியமும் விலங்கியலும் ஒருங்கே அறிந்தார் வேண்டும் என்பதனைப் பி. எல். சாமி அவர்களின் 'சங்க இலக்கியத்தில் விலங்கின விளக்கம்' நமக்கு முன்னரே காட்டியது. அந்நூலுக்குப் பின் வந்த நம் பட்ட ஏடுகள் அவ்வழியில் மேற்செல்லாது, பெயர்களை எண்ணி அட்டவணையிடுவதோடு நின்றுவிட்டன என்று கூறுதற்கு வருந்துகின்றோம்.

பெயர் மங்கியது எங்ஙனம் என்பதையும் சிறிது நோக்கலாம். இராமகாதை தமிழில் வேரூன்றியபின் குரங்கு என்பது பெரிதும் வானரமாயிற்று. வானரம் என்றவுடன் கற்போர் உள்ளம் கிட்கிந்தைக்குச் செல்லுமேயன்றி மரக்கிளைக்குச் செல்லாது. குற்றாலக் குறவஞ்சியின் மலைவளம் கேட்டு மகிழாதார் இலர். அங்கு ஆண்குரங்கு கனி கொடுத்துப் பெண்குரங்கோடு கொஞ்சுகின்றது. சிந்திய கனிக்கு வேறு சில ஏங்குகின்றன. ஓசையில் அதற்கு நிகரில்லை. ஆனால் அக்குரங்கு எவ்வினம் என்று கேட்பின் பாட்டில் விடையில்லை. குற்றாலத்தை ஒட்டிய மலைகளில் மூவினமும் வாழ்கின்றன என்பதை நினைந்தால், மரபியலுக்கும் குறவஞ்சிக்கும் இடையே நாம் இழந்தது எவ்வளவு என்பது புலனாகும். மேனாட்டாரும் இதில் நம்மினும் மேம்பட்டவர் அல்லர். இலங்கையில் இலையுண்ணும் முசுவினத்திற்குச் சிங்களவர் வழங்கிய 'வாண்டரு' என்னும் பெயரை, அத்தீவிலேயே இல்லாத சோலைமந்திக்குச் சூட்டி நெடுங்காலம் வழங்கினர்.

பெயர்க்குழப்பம் ஏட்டோடு நின்றதன்று. மலைமுசு அருகியதற்குக் காடழிவோடு, கருங்குரங்கு இலேகியம் என்னும் பெயரால் நடந்த வேட்டையும் ஒரு காரணம். இலேகியம் விற்றவன் அகராதி பார்த்தவன் அல்லன். கரியதெல்லாம் அவனுக்குக் கருங்குரங்கு.

இனி வேறொரு கருத்தினையும் மறுக்க வேண்டியுளது. பழந்தமிழர் காட்டைத் தெய்வமெனப் போற்றி ஒரு மரமும் வெட்டாது காத்தனர் என்று கருத்தரங்குதோறும் கேட்கின்றோம். குறிஞ்சிப் பாட்டுகளைத் தொடர்ந்து படிப்பார்க்கு இது பொருந்தாது. தினைப்புனம் என்பதே காட்டை வெட்டிச் சுட்டு ஆக்கிய நிலம். குறுந்தொகையின் 198ஆம் பாட்டில் கபிலரே, யா மரங்களை வெட்டிச் சுட்ட நிலத்தில் செந்தினை கரும்பெனத் தழைத்தமையைப் பாடுகின்றார். ஆண்டு வெட்டு என்பதற்கு அவர் இட்ட வினைச்சொல் கொல்லுதல் என்பது. மரத்தை உயிருடையதாகக் கண்டவன் வாயில் அன்றி அவ்வினை வாராது. ஆயினும் அக்கொலையைப் பழித்துரைக்கும் குறிப்பு அப்பாட்டில் இல்லை. உண்டு வாழ்ந்த மக்களின் நிலம் அது. குறிஞ்சித் தலைவி நிற்கும் இடமும் தோழி கிளிகடியும் இடமும் புனமே. தொல்காடு அதற்கு அப்பால், தலைவன் இரவில் கடந்துவரும் அச்சந்தரும் வழியாகவே பெரும்பாலும் நிற்கின்றது. ஆகவே சங்கக் குறிஞ்சி காட்டின் உள்ளிருந்து பாடப்பெற்றதன்று. காட்டின் ஓரத்திலிருந்து பாடப்பெற்றது. இதனை ஒப்புக்கொள்வதால் நமக்கு இழிவில்லை. காட்டைக் காத்த முன்னோரைக் கற்பித்துக்கொள்வதால் காட்டிற்கும் பயனில்லை.

பயனுள்ளது வேறொன்று உண்டு. தெய்வம், உணா, மா, மரம், புள் என்று தொல்காப்பியர் கருப்பொருளைத் தொகுத்தபோது மாவினை மரத்திலிருந்தும் உணவிலிருந்தும் பிரித்து வைக்கவில்லை. கபிலரின் மற்றொரு பாட்டு, குறுந்தொகை 121, இதற்கு உரையெனத் தக்கது. முசுக்கலை அளவறிந்து பாயாது தவறியது. அத்தவற்றின் பயன் அதனை ஏற்ற கொம்பின்மேற் சென்றது. அதுபோலக் குறி பிழைத்தவன் தலைவன், பசந்தனவோ என் தோள்கள் என்கின்றாள் தலைவி. பாய்ச்சலின் அளவும், கொம்பின் வலிமையும், இரண்டற்கும் இடைப்பட்ட வெளியும் அறிந்தார்க்கே இவ்வுவமை பிறக்கும். உவமையின் உயிர் குரங்கிலும் இல்லை, கொம்பிலும் இல்லை. இரண்டன் உறவில் உளது. அவ்வுறவு அற்றால் பாட்டின் பொருளே நிற்காது.

அவ்வுறவு அற்ற இடத்தை யாம் மாணவரோடு சென்று கண்டோம். ஆனைமலையில் வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மழைக்காட்டினை வெட்டித் தேயிலையும் காப்பியும் பயிரிட்டமையால், தோட்டங்களுக்கு இடையே காடு சிறுசிறு துண்டுகளாய் நிற்கின்றது. புதுத்தோட்டம் என்னுமிடத்தில் அத்தகைய துண்டொன்றில் சோலைமந்திக் கூட்டம் வாழ்கின்றது. மரத்திலிருந்து மரத்திற்குப் பாயும் விலங்கு, பாய்தற்கு மரமின்மையால் சாலையில் இறங்கி நடக்கின்றது, கூரைமேல் ஏறுகின்றது, ஊர்திகளில் அடிபடுகின்றது. சாலையின் இருபுறத்து மரங்களையும் இணைத்துத் தொங்குபாலங்கள் கட்டப்பெற்றுள்ளன. அவற்றின் வழியே அவை கடப்பதையும் கண்டோம். தாய் ஒன்று பாலத்தின் தலைப்பில் நின்று, பின்வரும் குட்டிக்காகத் திரும்பி நோக்கிற்று. அப்போது அதன் முகத்தை நேரே காண நேர்ந்தது. நரைமுகம் என்ற சொல் உடன்வந்த மாணவர் வாயில் தானே எழுந்தது. அதனைச் சான்றாக எழுத யாம் துணியோம். எனினும் மறைக்கவும் மனமில்லை.

அம்மலையில் காடர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். கேரளப் பகுதியில் வாழச்சால் காட்டில் காடர் பலர் இருவாச்சியின் கூடுகளைக் காவல் செய்துவருகின்றனர். பெருமரத்தின் பொந்தில் பெட்டையை உள்ளடைத்து, சிறு பிளவின் வழியே சேவல் உணவூட்டும் பறவை அது; பெரும்பொந்துடைய முதுமரம் இல்லையேல் அதற்குக் குடும்பம் இல்லை. எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பதை அறிந்தவர் அவர்களே. நம் துறையிலிருந்து சொல்லாராய்ச்சிக்கென அவர்பால் செல்வார் மிகச் சிலர். ஊகம், முசு போலும் சொற்களுக்கு உறவுடைய சொற்கள் மலைமக்கள் பேச்சில் இன்றும் வழங்குகின்றனவா என்பதை ஆராயாது, ஏட்டிலிருந்தே ஏடு எழுதிவருகின்றோம். அடுத்து ஆராயப் புகும் மாணவர் இங்கிருந்து தொடங்கலாம்.

எம் ஏட்டின் அத்தொடரை இனி இவ்வாறு திருத்திக்கொள்கின்றோம்: ஊகம் — முசுவின் வேறாகிய கரிய குரங்கினம், குறுந்தொகை 249இல் சோலைமந்தியாதல் கூடும், மலைபடுகடாத்தில் எவ்வினம் எனத் துணிதற்கில்லை.